நாற்சந்தியில் அவிழ்த்த மாடு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. எந்த ராஜ்யம் என்று மட்டும் கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சொல்லாமல் விட்டால் எல்லா ஊர்க்காரர்களும் இது பக்கத்து ஊர்க் கதை என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகக் கேட்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் சௌகரியம்.

அந்த ராஜ்யத்தை ஆண்டவர் விசயதர மகாராஜா. நல்ல மனுஷர். அனாவசியமாகப் படையெடுக்க மாட்டார், குடிமக்களை வாட்ட மாட்டார். ஒரே ஒரு குறை உண்டு. ஒரு யோசனை அவர் தலைக்குள் புகுந்துவிட்டால் அதைக் கிளப்ப ஒருவராலும் முடியாது. ஒண்டிப்புலியால் மட்டும் சில சமயம் முடியும். ஒண்டிப்புலி அரண்மனை விகடகவி. பெயரைக் கேட்டால் புலி, ஆளைப் பார்த்தால் ஆடிக் காற்றில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தேகம்.

தலைநகரின் நடுவே ஒரு நாற்சந்தி. மேற்கே போனால் சிவன் கோயில் தெரு. கிழக்கே பெருமாள் கோயில் தெரு. வடக்கே சமணர் தெரு. தெற்கே, குதிரை விற்க வந்து ஊர் பிடித்துப்போய்த் தங்கிவிட்ட ராவுத்தர்களின் பள்ளிவாசல் தெரு. நான்கு தெருக்காரர்களும் தங்கள் சமயம்தான் மெய் என்று சாதிப்பார்கள். சாதித்துவிட்டு, மோரும் கறிவேப்பிலையும் கொடுத்து வாங்கிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். இப்படியே பல தலைமுறை ஓடிவிட்டது. ராஜாவுக்கு விக்கல் வராமல் இருந்திருந்தால் இன்னும் பல தலைமுறை ஓடியிருக்கும்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் விக்கல் வந்தது. வந்தது போகவில்லை. தண்ணீர் குடித்தார், மூச்சை அடக்கினார், சர்க்கரையை நாக்கில் வைத்துக்கொண்டார். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி, நெருங்கிய உறவில் தொடங்கி, பங்காளிகள், சம்பந்திகள், பகைநாட்டு ராஜா வரை ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு பெயருக்கும் விக்கல் மசியவில்லை. ஊரே கவலைப்பட்டது. சிவன் கோயிலில் அபிஷேகம் நடந்தது. பெருமாள் கோயிலில் துளசித் தீர்த்தம் கொடுத்தார்கள். சமணர்கள் உபவாசம் இருந்தார்கள். பள்ளிவாசலில் துஆ கேட்டார்கள். நான்காம் நாள் காலை விக்கல் நின்றது.

நின்ற ஒரு நாழிகைக்குள் நான்கு தெருப் பெரியவர்களும் சபைக்கு வந்துவிட்டார்கள். நாலு பேர் முகத்திலும் ஒரே பூரிப்பு. எங்கள் வேண்டுதல் பலித்தது என்று நாலு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். சொன்ன பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ராஜாவின் புருவம் ஏறியது. யோசனை உள்ளே புகுந்துவிட்டது.

"வந்தது ஒரே விக்கல். அதை நான்கு பேர் நிறுத்தியிருக்க இயலாது. நால்வரும் தம் சமயமே மெய் என்கிறீர்கள். நான்கும் மெய்யாக இருக்க இயலாது. ஆகவே என் தலைநகரில் மூன்று தெருக்கள் நாள்தோறும் பொய் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பொய்யருக்கு என் நாட்டில் இடமில்லை. மெய் எது என்று கண்டுபிடியுங்கள். மற்ற மூன்று தெருவும் வரும் பௌர்ணமிக்குள் எல்லையைத் தாண்டட்டும்."

சபை திகைத்துப்போயிற்று. ஒண்டிப்புலி எழுந்தான்.

"வேந்தே, விக்கல் நின்றபோது அடியேன் அருகில்தான் இருந்தேன். உத்தரத்திலிருந்து தங்கள் மடியில் ஒரு பல்லி விழுந்தது. தாங்கள் துள்ளிய துள்ளலில் விக்கல் போயிற்று. நன்றி சொல்வதானால் பல்லிக்குச் சொல்லலாம்."

"நானும் அதை எண்ணிப் பார்த்தேன். அந்தப் பல்லியைத் தள்ளிவிட்ட தெய்வம் எது?" என்றார் ராஜா.

ஒண்டிப்புலி உட்கார்ந்துவிட்டான். ராஜாவை முட்டாள் என்று நினைத்துக்கொண்டு கதை கேட்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். அவர் முட்டாள் இல்லை. புத்திசாலிக்குப் பிடித்த பிடிவாதம்தான் ஊருக்கு ஆபத்து.

இப்போது பிரதானி கங்காதரர் எழுந்தார். சிவன் கோயில் தெருக்காரர். பதினான்கு வருஷமாக அவர் யோசனை சொன்னபோதெல்லாம் ராஜா தலையாட்டினார். ஒண்டிப்புலி சொன்னபோதெல்லாம் சிரித்தார். சிரிப்பு கிடைக்காத மனிதருக்குத் தலையாட்டல் போதவில்லை. வயிறு எரிந்து எரிந்து அவர் முகமே ஊறுகாய் ஜாடி மாதிரி ஆகியிருந்தது.

"மகாராஜா, மனிதன் தன் தெருவுக்குச் சாட்சி சொல்வான். வாயில்லாப் பிராணி பொய் சொல்லாது. அரண்மனைக் கொட்டிலில் வெள்ளச்சி என்றொரு பசு உண்டு. எந்தத் தெருவிலும் பிறக்காதது. எட்டாம் நாள் மாலை நாற்சந்தியில் அதை அவிழ்த்துவிடுவோம். தானாக எந்தத் தெருவுக்குள் நுழைகிறதோ அதுவே மெய்ச்சமயம்" என்றார்.

ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. கங்காதரர் அதோடு விடவில்லை, மேலும் சொன்னார்.

"அவிழ்க்கும் கை நான்கு தெருவுக்கும் வேண்டிய கையாக இருத்தல் நலம். ஒண்டிப்புலியே அவிழ்க்கட்டும். இன்னொன்று. யார் எந்தத் தெரு என்பதில் குழப்பம் கூடாது. பிறந்த தெருவே பேசும். மணமுடித்துப் புகுந்த தெரு செல்லாது." இதைச் சொல்லும்போது கங்காதரர் ராஜாவைப் பார்க்கவில்லை, ஒண்டிப்புலியைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். ஒண்டிப்புலி சிவன் கோயில் தெருவில் பிறந்தவன். அவன் மனைவி செங்கமலம் பெருமாள் கோயில் தெருவில் பிறந்தவள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு தெருவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, நடந்த கல்யாணம் அது. பசு மேற்கே போனால் செங்கமலம் நாடு கடக்க வேண்டும். கட்டிய கணவன் தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்து அவளை அனுப்ப வேண்டும். பசு என்னவோ மேற்கேதான் போகும். அதற்கு வேண்டிய ஏற்பாடு கங்காதரர் மனசுக்குள் தயாராகிவிட்டது.

ஆணையை அவரே எழுதினார். வெள்ளச்சி என்று பெயர் போட்டால், பிரதானி பொறுக்கியெடுத்த பசு என்று நாளைக்கு யாராவது வாய் திறக்கலாம். அதனால் ரொம்பவும் சாமர்த்தியமாகப் பெயரை விட்டுவிட்டு, 'ஒண்டிப்புலி அன்று மாலை தன் கையால் அவிழ்த்துவிடும் மாடு தானாக நுழையும் தெருவின் சமயமே மெய்ச்சமயம். மற்றத் தெருக்கள் வெளியேறுக' என்று எழுதினார். ராஜா முத்திரை வைத்தார். முத்திரை விழுந்த ஆணையை ராஜாவே நினைத்தாலும் மாற்றக்கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம்.

பறையறைந்த செய்தி ஒண்டிப்புலிக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. செங்கமலம் சோறு போட்டாள். அவன் பிசைந்தான், பிசைந்தான், வாயில் வைக்கவில்லை.

"என்னங்க, நான் யோசிச்சுப் பாத்தேன்" என்றாள். "உங்க தெரு ஜெயிச்சா நான் போவணும். எங்க தெரு ஜெயிச்சா நீங்க போவணும். வடக்கோ தெக்கோ ஜெயிச்சா ரெண்டு பேரும் சேந்தே போயிடலாம். எனக்கு அது தேவலை."

"அதுக்கு நான் மாட்டுக்கு உபவாசம் சொல்லிக்குடுக்கணுமா?"

"சிரிக்காதீங்க. ஒண்ணு கேக்குறேன், நேரா பதில் சொல்லுங்க. உங்க சாமிதான் நெசம்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"எங்கப்பா சொன்னாரு. அவரு ஒரு நாளும் பொய் சொன்னதில்லை."

"எங்கப்பா எங்க சாமிதான் நெசம்னாரு. அப்ப எங்கப்பா பொய்யரா?"

ஒண்டிப்புலி வாயைத் திறந்தான். மாமனாரைப் பற்றி அவனுக்கு ஏராளமான அபிப்பிராயங்கள் உண்டு. மனைவி கையில் சுடச்சுடக் குழம்புக் கரண்டி இருந்ததைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"உங்கப்பா பொய் சொல்ல மாட்டாருடி" என்றான் கடைசியில். சபையில் எத்தனையோ தடவை தலை போகிற இடத்தில் நின்றவன். அப்போதெல்லாம் வராத பயம் இப்போது வந்தது. இவள் இல்லாத வீட்டுக்குள் நுழைகிற தைரியம் தனக்கு இல்லை என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் உச்சிக்காலத்துக்கு அவன் சிவன் கோயிலுக்குப் போனான். சாமியிடமே கேட்டுவிடலாம் என்று. கோபுர வாசலில் ஓர் ஆச்சரியம். பிரதானி கங்காதரர், பட்டு அங்கவஸ்திரம் புழுதியில் புரளுவதுகூடத் தெரியாமல், தன் கையாலேயே வெள்ளச்சிக்கு அகத்திக்கீரை ஊட்டிக்கொண்டிருந்தார். கீரை முடிந்ததும் மடியிலிருந்து ஓர் அச்சு வெல்லம். வெள்ளச்சி அவர் உள்ளங்கையை நக்கியது. கங்காதரர் அதன் காதில் என்னவோ கொஞ்சினார். பெண்டாட்டி பிள்ளைகளிடம் அவர் அப்படிக் கொஞ்சி யாரும் பார்த்ததில்லை.

ஒண்டிப்புலிக்குக் கோபம் வந்தது. விகடகவிக்குக் கோபம் வருவது அபூர்வம். அது அவன் விவரம் தெரிந்த நாளிலிருந்து கும்பிட்ட வாசல். அந்த வாசலைக் கொண்டுபோய் வெல்லக் கடையாக்கி வைத்திருக்கிறார். தன் சாமி ஜெயிப்பதற்கு ஓர் அச்சு வெல்லம் வேண்டியிருக்கிறது என்று நினைத்த இந்த மனிதருக்கு அந்தச் சாமியிடம் எவ்வளவு நம்பிக்கை இருக்கும்? கும்பிடாமலே திரும்பிவிட்டான்.

மாலை வரை நாற்சந்தியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். ராஜாவிடம் போய் வெல்லக் கதையைச் சொன்னால்? பசுவுக்குக் கீரை கொடுப்பது புண்ணியம் என்பார் பிரதானி. அதற்கு யார் மறுப்புச் சொல்ல முடியும்?

அந்தச் சமயத்தில் ஊர் மாடுகள் திரும்பின. அந்த ஊரில் ஒரு வழக்கம். காலையில் பேச்சிமுத்து என்ற மாட்டுக்காரன் நான்கு தெரு மாடுகளையும் ஒன்றாகச் சேர்த்து ஏரிக்கரைக்கு ஓட்டிப்போவான். பகல் முழுக்க ஒரே புல்வெளியில் மேய்த்து, ஒரே ஏரியில் தண்ணீர் காட்டி, பொழுது சாய நாற்சந்திவரை கொண்டுவந்து விட்டுவிடுவான். அவ்வளவுதான் அவன் வேலை. அதற்கு மேல் மாடுகள் அததன் வீட்டுக்குத் தாமாகவே போய்விடும். பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிற காட்சியை ஒண்டிப்புலி அன்றைக்குத்தான் பார்த்தான்.

"ஏன் பேச்சிமுத்து, இத்தனை மாடும் எப்படிடா வழி கண்டுபிடிக்குது?"

"கண்டுபிடிக்கிறதா? எதுக்குங்க கண்டுபிடிக்கணும்? அதான் வீடாச்சே."

"ஒண்ணுகூட வீடு மாத்திப் போவாதா?"

"அடிச்சு வெரட்டினாலும் போவாதுங்க. கன்னுக்குட்டியில தவிடு தின்ன எடமில்ல? பக்கத்து வீட்டுல பருத்திக்கொட்டையே வெச்சாலும் ஒரு வாய் தின்னுட்டு இங்கதான் வந்து நிக்கும்."

ஒண்டிப்புலி கல்லிலிருந்து துள்ளி எழுந்தான். பேச்சிமுத்துவின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப்போனான். என்ன பேசினார்கள் என்பதை நீங்களே இன்னும் கொஞ்ச நேரத்தில் பார்க்கப் போகிறீர்கள்.

எட்டாம் நாள் மாலை நாற்சந்தியில் மேடை போட்டு ராஜா உட்கார்ந்தார். வழக்கமாக அந்த வேளையில் அவர் வீணைக் கச்சேரி கேட்டுக்கொண்டு அரண்மனையில் இருப்பார். நாற்சந்தியின் சாயங்காலத்தை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. ஒவ்வொரு தெரு முனையிலும் அந்தந்தத் தெருக்காரர்கள் கூடியிருந்தார்கள். சிலர் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டே வந்துவிட்டார்கள். பெருமாள் கோயில் தெரு முனையில் செங்கமலம் நின்றாள். அவள் கையில் மூட்டை இல்லை. புருஷன் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கையா, இல்லை கட்டுவதற்குக் கை வரவில்லையா, எனக்குத் தெரியாது.

வெள்ளச்சியைக் கல்தூணில் கட்டியிருந்தார்கள். ஒண்டிப்புலி முடிச்சை அவிழ்த்தான். வெள்ளச்சி தலையைத் தூக்கியது, வாலை ஒரு சுழற்று சுழற்றியது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் விறுவிறுவென்று மேற்கே போய், கோபுர வாசலில் முன்னதாகவே போய் நின்றிருந்த கீரைக்காரரை அடைந்தது.

சிவன் கோயில் தெரு ஆரவாரித்தது. கூர்ந்து பார்த்தால், முன்வரிசைதான் ஆரவாரித்தது. பின்வரிசையில், நாளைக்கு பள்ளிவாசல் தெரு ராவுத்தர் இல்லாமல் சதுரங்கம் யாரோடு ஆடுவது என்று ஒருவர் விரலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"மகாராஜா, மெய் விளங்கிவிட்டது!" என்று கங்காதரர் கையை உயர்த்தினார்.

"பிரதானியார் சற்றுப் பொறுக்க வேண்டும். அடியேன் இன்னும் அவிழ்த்து முடியவில்லை" என்றான் ஒண்டிப்புலி.

"என்ன உளறல் இது?"

"வேந்தே, ஆணையை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். 'ஒண்டிப்புலி அன்று மாலை தன் கையால் அவிழ்த்துவிடும் மாடு' என்றுதானே இருக்கிறது? ஒரே மாடு என்றோ, வெள்ளச்சி என்றோ அதில் ஓர் எழுத்துண்டா? மாலையும் இன்னும் முடியவில்லை. அவிழ்ப்பதை நிறுத்தினால் அடியேன் ராஜாக்ஞையை மீறியவன் ஆவேனே!"

ராஜா ஆணையை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிரதானியை ஒரு பார்வை பார்த்தார். "எழுதியபடியே நடக்கட்டும்" என்றார்.

ஒண்டிப்புலி துண்டை வீசினான். ஏரிக்கரைப் பக்கமிருந்து பேச்சிமுத்து மந்தையை ஓட்டி வந்தான். சந்தி ஓரத்தில் நீளமாக ஒரு கயிற்றை வளைத்துக் கட்டி, அதற்குள் அத்தனை மாட்டையும் நிறுத்தினான். முன்னால் மூன்று மாடுகளை மட்டும் தனித்தனியாகக் கட்டியிருந்தான்.

ஒண்டிப்புலி ஒரு செவலைப் பசுவை அவிழ்த்தான். அது கிழக்கே நடந்தது. பெருமாள் கோயில் தெரு வானம் இடிகிற மாதிரிக் கத்தியது. கொம்பு வளைந்த கறுப்புப் பசுவை அவிழ்த்தான். வடக்கே போயிற்று. சமணர்கள் சத்தம் போடும் வழக்கமில்லாதவர்கள், அன்றைக்குப் போட்டார்கள். புள்ளி போட்ட வெள்ளை மாட்டை அவிழ்த்தான். தெற்கே திரும்பி, ஒரு ராவுத்தர் வீட்டு வாசலில் நின்று 'அம்மா' என்றது. உள்ளேயிருந்து ஓர் அம்மாள் தவிட்டுச் சட்டியோடு வந்தே விட்டாள். அவளுக்கு அது வழக்கமான சாயங்காலம்.

பிறகு ஒண்டிப்புலி வளைத்துக் கட்டிய கயிற்றை அவிழ்த்தான். இருநூறு மாடு. புழுதி கிளம்பியது, மணிகள் குலுங்கின, ராஜா காலைத் தூக்கி ஆசனத்தின் மேல் வைத்துக்கொண்டார். ஒரு மாடு தயங்கவில்லை. ஒரு மாடு வழி கேட்கவில்லை. ஐம்பது மேற்கே, ஐம்பது கிழக்கே என்று அததன் போக்கில் பிரிந்து, புழுதி அடங்கும்போது நாற்சந்தி காலியாக இருந்தது. ஓர் எருமை மட்டும் கடைசியாக, யாருக்கும் அவசரம் காட்டாமல், அரண்மனைச் சந்துக்குள் திரும்பியது.

"அது யாருடைய எருமை?" என்றார் ராஜா.

"தங்கள் மடைப்பள்ளி எருமை, வேந்தே."

"அப்படியானால் ஆணைப்படி என் மடைப்பள்ளியும் மெய்ச்சமயம் ஆகிறதா?"

"அடியேனுக்கு அதில் என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை."

ராஜாவின் மீசை லேசாக அசைந்தது. கங்காதரருக்கு அந்த அசைவு பதினான்கு வருஷமாகப் பழக்கம். பதறிப்போய் முன்னால் வந்தார்.

"மகாராஜா, இது ஏமாற்று! இவையெல்லாம் அந்தந்தத் தெருவில் பிறந்த மாடுகள். பிறந்த வீட்டுக்குப் போயின. இது எப்படிச் சாட்சியாகும்?"

"பிரதானியார் சொல்வது முற்றிலும் சரி" என்றான் ஒண்டிப்புலி. "ஆனால் பிறந்த தெருவே பேசும் என்று எட்டு நாளுக்கு முன்னால் சபையில் தாங்கள்தானே சொன்னீர்கள்?"

கங்காதரர் பேச்சை மாற்றினார். "வெள்ளச்சி எந்தத் தெருவிலும் பிறக்கவில்லை! அது ஏன் சிவன் வாசலுக்குப் போயிற்று? அதற்குப் பதில் சொல்!"

"சொல்கிறேன். வெள்ளச்சியைத் திரும்ப அழைத்து வரட்டும். பிரதானியார் மட்டும் இம்முறை கிழக்குத் தெரு முனையில் நிற்கட்டும்."

கங்காதரர் தயங்கினார். கால்வலி என்றார், வெயில் என்றார். வெயில் எப்போதோ தணிந்துவிட்டிருந்தது. ராஜா விரலை நீட்டியதும் போய் நின்றார். வெள்ளச்சியை அவிழ்த்தார்கள். மேற்கே கோபுரம் அதே இடத்தில்தான் இருந்தது. வெள்ளச்சி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கிழக்கே போய் கங்காதரரின் மடியை முகர்ந்தது. அவர் வடக்கே நழுவினார், அது வடக்கே வந்தது. தெற்கே ஓடினார், தெற்கே ஓடியது. பள்ளிவாசலுக்கு எதிரே அவரை மடக்கி, வேட்டி முடிச்சை நாக்கால் நக்கி நெகிழ்த்தியது. தொப்பென்று ஓர் அச்சு வெல்லம் தரையில் விழுந்தது.

"வேந்தே," ஒண்டிப்புலி கைகூப்பினான். "வெள்ளச்சியின் மெய்ச்சமயம் எது என்று தெரிந்துவிட்டது. அது கங்காதரசமயம். உலகத்திலேயே ஒரே ஒரு அடியார். கோயில் தானாகவே நடந்துபோவதால் அந்த அடியாருக்குக் கொஞ்சம் சிரமம்."

நான்கு தெருவும் ஒன்றாகச் சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. அவர் தலைக்குள் யோசனை இன்னும் உட்கார்ந்திருந்தது.

"ஒண்டிப்புலி, விளையாட்டு போகட்டும். இந்த மாடுகளைப் போலத்தான் என் குடிமக்களும் என்கிறாயா? எந்த வீட்டில் தவிடு தின்றார்களோ அதையே மெய் என்கிறார்கள். அப்படியானால் ஒருவரும் மெய்யைத் தேடி அடையவில்லை. நான்கும் பொய்தானா?"

பெருமாள் கோயில் பெரியவர் ஒருவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்களை மாடு என்கிறானா இவன்?" என்றார்.

"இல்லை பெரியவரே. மாட்டுக்கு நம்மைவிட ஒரு குணம் கூடுதல். பக்கத்து வீட்டுக்குப் போகிற மாட்டைப் பார்த்து அது பொய் வீடு என்று சொல்லாது" என்றவன் ராஜாவின் பக்கம் திரும்பினான். "வேந்தே, தாங்கள் இருநூறு மாட்டையும் பார்த்தீர்கள். அதில் ஒன்றாவது தப்பான வீட்டுக்குப் போயிற்றா?"

ராஜா நான்கு தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். ஒவ்வொரு வாசலிலும் ஒரு மாடு நின்று யாரிடமோ கழுத்தைச் சொரியக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"இல்லை" என்றார். இன்னொரு முறை நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, "ஒன்றுகூட இல்லை" என்றார்.

"அப்படியானால் ஆணை நிறைவேறிவிட்டது. மாடு நுழைந்த தெருவெல்லாம் மெய்ச்சமயம். மற்றத் தெருக்கள் வெளியேற வேண்டும். மற்றத் தெரு ஏதாவது மிச்சமிருந்தால் அடியேனே முன்னால் நின்று வழியனுப்புகிறேன்."

அதற்குமேல் ராஜாவால் முடியவில்லை. சிரித்தார். மூட்டைகளை அங்கேயே அவிழ்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் மூட்டையிலிருந்து சதுரங்கப் பலகை வெளியே வந்தது. செங்கமலம் கிழக்குத் தெரு முனையிலிருந்து நேராகப் புருஷனிடம் நடந்து வந்தாள். வந்தவள் அவன் துண்டை வாங்கி அவன் முகத்துப் புழுதியை அழுந்தத் துடைத்தாள். அவள் கண்ணிலும் நீர், அவன் கண்ணிலும் நீர். இரண்டு பேரும் புழுதி என்று சொல்லிக்கொண்டார்கள்.

கங்காதரருக்கு ராஜா தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. வெள்ளச்சியைக் கொடுத்தார். அது அவரைவிட்டு நகர மறுத்ததால் வேறு வழியும் இல்லை. அன்று முதல் பிரதானி சபைக்கு வந்தால் பின்னாலேயே பசுவும் வரும். அவர் யோசனை சொல்லும்போது அது அசைபோடும். ராஜா இப்போது கங்காதரர் பேசும்போதும் சிரிக்கிறார். இத்தனை வருஷமாக அவர் ஏங்கியது அதற்குத்தானே.

கூட்டம் கலைகிற நேரத்தில் ராஜா விகடகவியையும் மனைவியையும் அருகே அழைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்டிப்புலி, இது நமக்குள் இருக்கட்டும். இவ்வளவும் பேசினாயே, உன் நெஞ்சில் கை வைத்துச் சொல். எது மெய்ச்சமயம்?"

"என் தெருச் சமயம்தான், வேந்தே. அதில் எள்ளளவும் சந்தேகமில்லை."

ராஜா அயர்ந்துபோய் செங்கமலத்தைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்கிறாய்?"

"எங்க தெருதாங்க மகாராஜா. இவர் ரொம்ப நல்ல மனுஷருங்க. இந்த ஒரு விஷயத்துலதான் பாவம், புத்தி பத்தலை."

"பிறகு எப்படியம்மா இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில்?"

ஒண்டிப்புலி தொண்டையைச் செருமிக்கொண்டான். "இவளுக்கு நல்ல புத்தி வந்து என் பக்கம் சேர வேண்டும் என்று தினமும் என் சாமியிடம் வேண்டிக்கொள்கிறேன், வேந்தே. எனக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று இவள் தன் சாமியிடம் வேண்டிக்கொள்கிறாள். இரண்டு சாமியும் இன்றைக்குவரை காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால்தான் குடும்பம் நடக்கிறது."

ராஜா சிரித்த சிரிப்பில் மேடை ஆடியது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். யாருக்குப் போடுவது என்று ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து, ஒரே மாலையை இரண்டு கழுத்துக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார். இருவரும் அதை அறுக்காமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பது ராஜாக்ஞை. அவன் எட்டி வைத்தால் அவள் இழுத்தாள், அவள் திரும்பினால் அவன் தடுமாறினான். பாதை முழுக்க ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே, ஒரு முத்துக்கூடச் சிந்தாமல் போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்கள் அங்கே சௌக்கியம். நாம் இங்கே சௌக்கியமாக இருக்க வேண்டியதுதான் பாக்கி.